பெற்றோரின் சோம்பல் என்று நான் எழுதவில்லை

பார்த்து எழுதச் சொல்லி ஒரு வரியைக் கொடுத்தார்கள். நான் எழுத மாட்டேன் என்றேன். அதனால் எனக்கு வந்தது என்ன, போனது என்ன என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், தோணித்துறைக்குக் கிட்ட இருந்த ஒரு பாடசாலையில் நான் உதவி ஆசிரியை. வயது இருபத்திரண்டு. பிள்ளைகளில் பாதிப் பேர் வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து தோணியில் வருகிறவர்கள். அந்த வருஷம் அவர்களுடைய வரவு மிகவும் விழுந்துபோனது. என் வகுப்பில் பின்வரிசை வாங்குகள் இரண்டும் வெறுமையாகவே கிடந்தன. வரவு ஏன் குறைந்தது என்று மாத முடிவுக்குள் அறிக்கை அனுப்பும்படி பாடசாலைப் பரிசோதகரிடமிருந்து கடிதம் வந்தது.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். மேசை லாச்சியிலிருந்து பழைய அறிக்கைப் பிரதி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உங்கட கையெழுத்து வடிவு, டீச்சர். இதைப் பாத்து எழுதிப்போட்டுத் திகதியை மட்டும் மாத்துங்க. நான் கையெழுத்து வைக்கிறன்."

அரைப் பக்கம்தான் இருந்தது. நடுவில் இப்படி ஒரு வரி: 'வரவு குறைவுக்குப் பெற்றோரின் அறியாமையும் சோம்பலுமே காரணமாகும்.'

என் அப்பா படுவான்கரைக்காரர். ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், காணியை வாரத்துக்குச் செய்தவர். கைநாட்டு வைக்கிறவர். நான் படித்த காலத்தில் மாரி மழைக்கு வயல் வட்டையெல்லாம் வெள்ளம் மூடிக் கிடக்கும்போது, என்னைத் தோளில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து துறைவரை கொண்டுவந்து விடுவார். பிறகு அதே தண்ணீரில் திரும்பி வேலைக்குப் போவார். அவர் இறந்து அப்போது இரண்டு வருஷம். அறியாமை என்ற சொல்லை வேண்டுமானால் பொறுத்திருப்பேன். சோம்பல் என்று என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

"நான் புதுசா எழுதுறன், சேர்" என்றேன்.

"அதில என்ன புதுசு கிடக்கு?"

"இன்னும் தெரியாது. தேடிப் பாக்கவேணும்."

அவர் சிரித்தார். "ரெண்டு கிழமை தாறன். மறுகா இதைத்தான் எழுதுவீங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன். யுத்தத்தால் கடதாசிக்குத் தட்டுப்பாடு. போன தவணைச் சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும். முதல் வரியை நாலு தரம் எழுதி நாலு தரமும் வெட்டினேன். நாலும் தலைமை ஆசிரியருக்குச் சொல்லும் பதிலாகவே வந்தன. ஏழைகளை ஏசுவது எளிது, போடிமாரை யார் கேட்பது, இப்படி. வாசித்துப் பார்த்தேன். கோபம் இருந்தது, செய்தி ஒன்றும் இல்லை. அவர் முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணம் தேடாமல் விட்டார் என்றால், நான் என் முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கும் எனக்கும் வித்தியாசம் கையெழுத்தில் மட்டும்தான் இருந்தது.

அப்போது நான் குடியிருந்தது எங்கள் தையல் ஆசிரியையின் வீட்டு முன் அறையில். போர்த்துக்கேய வழிவந்த பறங்கிப் பெண். கணவரை இழந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெட்டிய தாள்களைப் பார்த்துவிட்டு, "அறிக்கை எழுதுறியா, ஆரோடயும் சண்டை பிடிக்கிறியா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்."

"ரெண்டையும் ஒரே தாளில செய்யாத."

அதற்குப் பிறகு அறிக்கையை விட்டுவிட்டேன். வேறொரு தாளை எடுத்து, பிள்ளைகள் வராததற்கு என் தலையில் தோன்றுகிற எல்லாவற்றையும் எழுதினேன். நல்லது, கெட்டது, முட்டாள்தனமானது என்று பார்க்கவில்லை. இரவுச் சோற்றுக்கு அடுப்பில் அரிசி போட்டிருந்தது. அது வெந்து வடிக்கும்வரை ஒரு சொல்லையும் வெட்டுவதில்லை என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். காய்ச்சல். குருவி விரட்டல். மாற்றுச் சட்டை இல்லை. தம்பி தங்கையைப் பார்க்க ஆள் இல்லை. வாவியில் காற்று. தோணி. எருமை கட்டுதல். கோயில் சடங்கு. அரிசிப் பங்கீட்டு வரிசையில் நிற்பது. குண்டு விழும் என்ற பயம். பிந்தி எழும்புவது. போடியாரின் வேலை. சிலேட்டு இல்லை. பக்கம் நிரம்பி அடுத்த தாளும் பாதி போனது. சோறு கொஞ்சம் குழைந்தும் போனது.

அக்கா வாங்கி வாசித்தார். "இதெல்லாத்தையும் ஒண்டா வச்சுத் தைச்சா சட்டை வராது. சாக்குத்தான் வரும்."

"எல்லாம் உண்மைதானே, அக்கா."

"உண்மை எண்டதுக்காக எல்லாத் துணியையும் ஒரு சட்டையில வைக்கிறதா?"

கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். ஒரு காரணத்துக்கு ஒரு துண்டாகத் தாளை வெட்டிப் பாயில் பரப்பினேன். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை. ஒன்றோடொன்று சேர்கிறவற்றைக் கிட்டக் கிட்ட வைத்தபோது தாமாகவே குவியல்களாயின. வயல், வீடு, நோய், வாவி, யுத்தம்.

அக்கா கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். "ஏன் புள்ள, பள்ளிக்கூடத்தில ஒரு குற்றமும் இல்லையா?"

எனக்கு முகம் சுட்டது. முப்பதுக்கு மேற்பட்ட காரணங்களில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றுகூட நான் எழுதவில்லை. சம்பளம் தருகிற இடம், வேறென்ன. உட்கார்ந்து எழுதினேன். பிரம்பு. மணி. வரவு குறிக்கும் இடாப்பு பூட்டுவது. பிந்தி வருகிறவர்களை வெளியே நிறுத்துவது. வெற்றுப் பாயாக இருந்த இடத்தில் ஆறாவது குவியல் வந்தது.

குறைக்கும் வேலை அதைவிடக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு துண்டையும் எடுத்து என்னையே கேட்டேன்: இதை நீ கண்டாயா, கேட்டாயா, நினைத்தாயா? கண்டது வலப்பக்கம், கேட்டது நடுவில், நினைத்தது இடப்பக்கம். 'போடியாரின் வேலை' என்ற துண்டு எனக்கு மிகப் பிடித்தது. அதை வைத்துத்தான் முழு அறிக்கையையும் எழுத ஆசைப்பட்டிருந்தேன். ஆனால் அந்த வருஷம் எந்தப் போடியாரும் எந்தப் பிள்ளையையும் மறித்ததை நான் காணவில்லை. யாரும் சொல்லக் கேட்கவும் இல்லை. அது இடப்பக்கம் போனது. 

அடுத்ததாகக் கையில் வந்தது 'பிந்தி எழும்புவது'. யார் பிந்தி எழும்பினார்கள்? நான் யார் வீட்டில் போய்ப் பார்த்தேன்? பிள்ளைகள் மணி அடித்த பிறகு வந்து வெயிலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எழும்பிய நேரத்தை நான் எங்கே பார்த்தேன்? தலைமை ஆசிரியரின் 'சோம்பல்' என்ற வரியையே நான் வேறு சொல்லில் எழுதி வைத்திருந்தேன். படுவான்கரையில் பிறந்த என் கைதான் அதையும் எழுதியது. அன்றைக்கு நான் வெட்கப்பட்டதுபோல் பிறகு என்றும் வெட்கப்பட்டதில்லை.

வலப்பக்கம் மிஞ்சியவற்றிலும் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த அறிக்கையை வாசிக்கப் போகிற மனிதரால் இதில் எதைத் திருத்த முடியும்? காய்ச்சலைப் பரிசோதகர் மாற்ற முடியாது. சட்டையும் அரிசியும் அவரிடம் இல்லை. அப்படித் தள்ளித் தள்ளி வந்ததில் மூன்று துண்டுகள் மிஞ்சின. மணி, இடாப்பு, தோணி. மூன்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகத் தாளில் எழுதினேன்: 'தோணி கரைக்கு வரும் நேரத்தில் இடாப்பு திறந்திருக்கிறதா?'

பதில் எனக்குத் தெரியாது. அது தெரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன்.

திங்கள் தொடங்கி ஐந்து நாளும் விடியக் காலையில் துறைக்குப் போனேன். அக்கா தன் கணவரின் பைக் கடிகாரத்தைத் தந்திருந்தார். சூரியன் எழும்பிய பிறகுதான் முதல் தோணி அக்கரையை விட்டது. அதில் தயிர்ச் சட்டிகளும் பால்காரரும். இரண்டாவதில் மீன் கூடைகள். மூன்றாவதில்தான் பிள்ளைகள். சட்டையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓட்டமாக ஓடினார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது. எங்கள் மணி எட்டரைக்கு. இடாப்பு பூட்டுவது எட்டே முக்காலுக்கு.

தோணிக்காரரிடம், "ஏன் அண்ணன் இவ்வளவு பிந்துது? முந்தி இப்படி இல்லையே" என்றேன்.

"நான் பிந்தயில்ல, டீச்சர். முந்தி வந்த நேரத்துக்குத்தான் இப்பவும் வாறன். பொழுதைப் பாருங்க."

பார்த்தேன். வெயில் இன்னும் தென்னையின் பாதிக்குக்கூட வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யுத்தத்துக்காக அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. நாங்களும் பாடசாலை மணிக்கூட்டை மாற்றினோம், ஒரு கிழமை கொட்டாவி விட்டோம், மறந்துவிட்டோம். அக்கரையில் மணிக்கூடு இல்லை. அங்கே மாடு பால் கொடுப்பதும் தோணி கிளம்புவதும் பொழுதைப் பார்த்துத்தான்.

"தயிருக்கு முந்தி, இருட்டோட புள்ளைகளுக்கு ஒரு தோணி விட ஏலாதா?"

"விளக்கில்லாம எப்படி விடுறது? வாவியில வெளிச்சம் காட்டக் கூடாது, பிளேன் வரும் எண்டு ஊர் விதானையார் வந்து சொல்லிப்போட்டுப் போயிருக்கார்."

ஒரு கட்டளை பிள்ளைகளை இருட்டில் வரச் சொன்னது. இன்னொரு கட்டளை இருட்டில் வரக் கூடாது என்றது. நடுவில் நின்ற தாய் தகப்பனுக்குச் சோம்பேறி என்று பெயர்.

தயிர் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம், அவளுடைய மகள் ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டேன். என் வகுப்புப் பிள்ளைதான்.

"வந்தாளே, டீச்சர். ரெண்டு மாதம் வந்தாள். ஒவ்வொரு நாளும் வெளியில நிண்டுபோட்டுத் திரும்பி வந்தாள். வெயில்ல நிக்கிறதுக்குத் தோணி ஏறவா வேணும்? அதை வீட்டு முத்தத்தில நிக்கலாம்."

 அவளை வெளியே நிறுத்திய வகுப்பு என்னுடையது.

அறிக்கை எழுத அதன் பிறகு ஒரு பின்னேரம்தான் எடுத்தது. ஒன்றரைப் பக்கம். ஐந்து நாளும் தோணி கரை தொட்ட நேரம், ஒவ்வொரு நாளும் இறங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கை, அதே நாளில் இடாப்பு அவர்களை 'வரவில்லை' என்று காட்டிய விதம். முடிவில் ஒரு கோரிக்கை: புது நேரம் இருக்கும்வரை மணியை ஒரு மணித்தியாலம் பிந்தி அடிக்க வேண்டும். நானும் பிள்ளைகளை வெளியே நிறுத்தினேன் என்பதையும் ஒரு வரியில் எழுதினேன். போடிமாரைப் பற்றி ஒன்றும் இல்லை. என் அப்பாவைப் பற்றியும் இல்லை.

தலைமை ஆசிரியர் நின்றபடி வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தார்.

"இடாப்பு பொய் எண்டு எழுதியிருக்கிறீங்க."

"பொய் எண்டு எழுதயில்ல, சேர். மணி அடிக்கக்குள்ள அவங்க வகுப்பில இல்ல. அது உண்மை. துறையில நிண்டாங்க எண்டதும் உண்மை."

"யுத்த நேரத்தில அரசாங்க நேரத்தைக் குறை சொல்லுறதா? என்ட பேரில இது போகாது."

"என்ட பேரில போகட்டும்."

"புள்ள, யோசிச்சுப் பேசுங்க. வேலை கிடைச்சு மூணு வருஷம் ஆகயில்ல."

"ரெண்டு கிழமையா யோசிச்சுத்தான் எழுதினன். ஒரு நாளைக்கு நீங்க துறைக்கு வந்து பாத்துப்போட்டுப் பிழை எண்டு சொன்னா, கிழிச்சுப் போடுறன்."

அவர் வரவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஓய்வுச் சம்பளத்துக்கு நாலு வருஷம் இருந்தது அவருக்கு. பழைய வரியைத் தன் பெயரில் எழுதி, என்னுடையதை 'உதவி ஆசிரியையின் சொந்தக் கருத்து' என்ற குறிப்போடு பின்னால் ஊசி குத்தி அனுப்பினார். அந்தக் குறிப்பை நான் வாசித்தேன். வெட்டச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு பரிசோதகர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். பாடசாலைக்கு வருமுன் துறைக்குப் போய் நின்றாராம். தோணிக்காரர்தான் பிறகு சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த கிழமை மணி ஒன்பதரைக்கு அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் பொய். காய்ச்சலும் குருவியும் எங்கேயும் போகவில்லை. ஆனால் என் பின்வரிசை வாங்குகளில் ஒன்று நிரம்பியது. தயிர்க்காரியின் மகள் அதில் ஓரத்தில் இருந்தாள்.

அதே தவணை முடிவில் எனக்கு இடமாற்றம் வந்தது. சித்தாண்டிக்கு அப்பால், பஸ் போகாத ஒரு ஊர். காரணம்: நிர்வாகத் தேவை. அக்கா கடிதத்தை வாசித்துவிட்டு, "போய் மன்னிப்புக் கேட்டா நிப்பாட்டுவாங்க" என்றார். "என்னத்துக்கு மன்னிப்பு எண்டு முதல்ல அவங்க எழுதட்டும்" என்றேன். அந்தத் தேவை எது என்று விளக்கம் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. அதிலும் அதே இரண்டு சொல்தான்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஆறு வருஷம் படிப்பித்தேன். அறிக்கைகள் பல எழுதினேன். சிலவற்றுக்குத் திட்டும் வாங்கினேன். கேட்கிறவர்களுக்கு இப்போதும் சொல்கிறேன்: அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு எழுத்தையும் நான் மாற்ற மாட்டேன்.