வலிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை

1. தோட்டத்துக்கு மார்க்

மதுக்கரைப் பக்கம் இருந்த அந்த ஹாஸ்பிஸுக்கு நாங்கள் போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்தபோது நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். இனிமேல் இந்த வேலைக்கு வரும் நர்சுகளும் டாக்டர்களும் இதைப் படிக்க வேண்டும். கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று கொஞ்ச காலம் தள்ளிப்போட்டேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் நர்சிங் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். அதற்குப் பிறகு ஓர் அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது. நோய் முற்றி, இனி குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, வீட்டில் வைத்துப் பார்க்க வசதியில்லாதவர்களை ஹாஸ்பிஸில் சேர்த்துவிடுவது அந்த அறக்கட்டளையின் வேலை. ஹாஸ்பிஸ் என்றால் கடைசிக் காலத்தை வலியில்லாமல், அசிங்கப்படாமல் கழிப்பதற்கான இடம். ஓர் இடத்துக்கு நோயாளிகளை அனுப்புவதற்கு முன்னால், அந்த இடம் நல்ல இடமா என்று நேரில் போய்ப் பார்த்து மார்க் போட வேண்டும். அதற்கு நானும் டாக்டர் முரளியும். முரளி வலி நிவாரண டாக்டர். என்னைவிட இருபது வயதாவது சின்னவர், நல்ல கெட்டிக்காரர்.

முதல் தடவை நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனோம். வாசலில் தென்னையும் அரளியும். தரையில் முகம் தெரிந்தது. படுக்கைக்குப் படுக்கை திரை, ஜன்னல், மின்விசிறி. பிரார்த்தனைக்கு என்று தனியாக ஓர் அறை. நிர்வாகி சிவராஜ் எங்களைக் கூடவே இருந்து சுற்றிக் காட்டினார். மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருந்தவர். அம்மா புற்றுநோயில் இறந்த பிறகு கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு இதை ஆரம்பித்தாராம்.

"எங்கம்மா பட்ட பாட்டை எந்த அம்மாவும் படக்கூடாதுங்க சிஸ்டர். அதுக்குத்தானுங்க இது" என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. நடிப்பு இல்லை. அதை இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

மார்ஃபின் வைத்துக்கொள்வதற்கான அனுமதிச் சான்று கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. மார்ஃபின்தான் இந்த நோயாளிகளுக்கு உயிர் மருந்து. எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கு முன்னால் மற்ற மாத்திரையெல்லாம் மிட்டாய் மாதிரி. தப்பான கைக்குப் போகக்கூடாது என்பதால் சட்டப்படி பூட்டித்தான் வைக்க வேண்டும். இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். மருந்து நிறைய இருந்தது. முரளி திருப்தியாகத் தலையாட்டினார்.

2. தாழ்வாரத்தில் ஒரு கேள்வி

கிளம்பும்போது தாழ்வாரத்தில் ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். பேர் ருக்குமணி. தாராபுரம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடும் குடும்பம். அவர் கணவர் பழனிச்சாமிக்கு முதுகெலும்பு வரை நோய் பரவியிருந்தது. சற்று முன்னால்தான் அவரைப் பார்த்திருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "சௌகரியமா இருக்கறனுங்க" என்று சிரித்தார்.

ருக்குமணி குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "ஏனுங்க அம்மணி, நீங்க ஞாயித்துக்கெழமையும் வருவீங்ளா?"

"எதுக்குங்க?"

"இல்லீங்க... நீங்கெல்லாம் வந்தா மருந்து நேரத்துக்கு வருதுங்க. அதான் கேட்டனுங்க."

அதற்குள் சிவராஜ் அந்தப் பக்கம் வந்தார். ருக்குமணி உடனே கையை விட்டுவிட்டு, "இங்க நல்லா பாத்துக்கறாங்கங்க. ஒரு கொறையுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரில் வரும்போது முரளி மார்க்கைக் கூட்டினார். தோட்டத்துக்கு, சுத்தத்துக்கு, சாப்பாட்டுக்கு, பிரார்த்தனை அறைக்கு, சான்றிதழுக்கு என்று ஏறிக்கொண்டே போனது. கையெழுத்துக்காகத் தாளை என்னிடம் நீட்டினார்.

"இப்ப வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரு தடவ சொல்லாம போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"சந்தேகமா சிஸ்டர்?"

"அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாம கையெழுத்துப் போட முடியாது முரளி."

3. ஞாயிற்றுக்கிழமை

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். அதே தென்னை, அதே பளபளப்பு. டியூட்டியில் கவிதா என்று கோபிசெட்டிபாளையத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நர்சிங் முடித்து இதுதான் முதல் வேலை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

நான் நேராகப் பழனிச்சாமியின் படுக்கைக்குப் போனேன். அன்றைக்குச் சிரிப்பு இல்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டிருந்தார். தலையணை உறையின் ஒரு முனை அவர் வாயில் இருந்தது. சத்தம் வெளியே வரக்கூடாது என்று கடித்திருந்தார். பக்கத்தில் ருக்குமணி அவர் காலைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்ப இருந்து இப்படி இருக்காரு?"

"காலைல பல் வெளக்கறப்ப இருந்துங்க. போன வாரமும் இப்படித்தானுங்க. திங்கக்கெழமை சரியாப் போயிருமுங்க."

நான் கவிதாவைக் கூப்பிட்டேன். "இவருக்கு டாக்டர் என்ன எழுதியிருக்காரு?"

"நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மார்ஃபினுங்க சிஸ்டர். நடுவுல வலி வந்தா எக்ஸ்ட்ரா ஒண்ணு குடுக்கலாமுங்க."

"அப்ப இப்ப ஒண்ணு குடு கண்ணு."

 அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அலமாரிச் சாவி சிவராஜ் சார்கிட்ட இருக்குதுங்க. சனிக்கெழமை போறப்ப கொஞ்சம் எடுத்து வெச்சுட்டுப் போவாருங்க. ராத்திரி வலி சாஸ்தியா இருந்துச்சுன்னா அதுலயே தீந்து போயிருமுங்க. அப்புறம் திங்கக்கெழமை சார் வந்தாத்தானுங்க."

"போன் பண்ணிக் கேக்கலையா?"

"போன மாசம் ஒருக்கா பண்ணினேனுங்க. 'ஒரு நாள் பொறுக்க வைக்கத் தெரியாதா, நீயெல்லாம் என்ன நர்ஸு'ன்னு கேட்டுப்போட்டாருங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் வலியைப் பார்த்தவள் நான். மருந்து இல்லாத ஊரைப் பார்த்திருக்கிறேன், மருந்து தெரியாத டாக்டரைப் பார்த்திருக்கிறேன். இங்கே மருந்து இருக்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டர் இருக்கிறார். கொடுக்கத் தெரிந்த நர்ஸ் இருக்கிறாள். கண்ணாடி போட்ட சான்று சுவரில் இருக்கிறது. நடுவில் ஓர் இரும்புக் கதவு. அதன் இந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.  

முதலில் முரளிக்குப் போன் செய்தேன். "சீட்டு எழுதி, உங்க கிளினிக்ல இருந்து மருந்தோட உடனே வாங்க" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகுதான் சிவராஜைக் கூப்பிட்டேன்.

4. கல்யாண மண்டபத்திலிருந்து

பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சொந்தக்காரர் கல்யாணமாம், ஈரோட்டுப் பக்கம்.

"சொல்லுங்க சிஸ்டர்! சாப்ட்டீங்ளா?"

"உங்க இல்லத்துலதான் இருக்கேன். பழனிச்சாமி வலியில துடிக்கிறாரு. அலமாரிச் சாவி எங்கே?"

 அவர் குரல் இறங்கியது. "சொல்லாம வந்திருக்கீங்ளே சிஸ்டர். சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேனில்லீங்க?"

"அதனாலதான் சொல்லல. சாவி எங்கே?"

"என்ற பாக்கெட்லதானுங்க. கோவிச்சுக்காதீங்க. அது டேஞ்சரான மருந்துங்க. புள்ளைக யாராச்சும் எடுத்து வித்துப்போட்டா லைசென்ஸு போயிரும், என்ற பேரும் போயிரும். பந்தி நடந்துட்டிருக்குது. முடிஞ்சதும் டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பறேனுங்க."

"பந்தி முடிஞ்சதுமா?"

"கொஞ்ச நேரந்தானுங்களே. அவரு பொறுமையான மனுசனுங்க. ஒரு வார்த்த கம்ப்ளெயின்ட் சொன்னதில்லீங்க."

அந்தச் சொல்லில்தான் எனக்குப் பொறுமை போனது. "சிவராஜ், உங்க அம்மா இந்தக் கட்டில்ல படுத்து இப்படித் துடிச்சிருந்தா, சாவியப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு பந்தியில உக்காந்திருப்பீங்களா?"

  நான் போனை வைத்தேன்.

முரளி வந்து சேர்ந்தார். டிரைவர் வரவில்லை. கவிதா மருந்தைக் கொடுத்தாள். நான் பழனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் கம்பியைப் பிடித்த விரல் ஒவ்வொன்றாக விட்டது. வாயிலிருந்த துணியை அவரே எடுத்தார்.

"ஏனுங்க, வலிக்குதுன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்களோன்னுதானுங்க" என்றார். "ஊட்ல இவ ஒருத்திதானுங்க. என்னையத் தூக்கித் திருப்ப இவளுக்குத் தெம்பு இல்லீங்க."

மறுநாளே அவரை என் பழைய ஆஸ்பத்திரியின் வலி நிவாரண வார்டுக்கு மாற்ற முரளி ஏற்பாடு செய்தார். அங்கே சில வாரம் இருந்தார். வெங்காய விலை பற்றி நர்சுகளிடம் விடாமல் பேசினாராம். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. ருக்குமணி பக்கத்தில் இருந்தார்.

5. மொத்த மார்க்

அறக்கட்டளைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் தலைவர் மில் முதலாளி, யாரையும் புண்படுத்தாத மனிதர். சிவராஜுக்குத் தூரத்துச் சொந்தம்.

"தப்புத்தானுங்க, இல்லைன்னு சொல்லல" என்றார். "ஆனா ஒரு ஐட்டத்துல கொறைஞ்சதுக்கு மொத்தத்தையும் கெடுக்கோணுமாங்க? அந்த எடத்துல மட்டும் மார்க்கக் கொறைச்சாக்கூட எண்பதுக்கு மேல வருதில்லீங்க?"

"தோட்டத்துக்கு எவ்வளவு மார்க்கோ அவ்வளவுதான் வலிக்கும் வெச்சிருக்கோம்" என்றேன். "பேஷண்ட் துடிக்கிறான், அரளிப்பூ நல்லா பூத்திருக்கு, ரெண்டையும் கூட்டினா பாஸ். இந்தத் தாளை வெச்சுக்கிட்டு நான் யாரையும் அங்க அனுப்ப மாட்டேன். நீங்க அனுப்பறதா இருந்தா வேற ஆளப் பாத்துக்கங்க."

இன்னோர் உறுப்பினர் சொன்னார்: "நல்ல மனசோட செய்யறாரு. இப்படிக் கேட்டா நாளைக்கு யாருங்க இந்த மாதிரி சேவைக்கு வருவாங்க?"

இந்தக் கேள்வி எத்தனையோ இடத்தில் என் காதில் விழுந்திருக்கிறது. சேவை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிற மாதிரி வேறெதற்குப் பின்னாலும் முடியாது. காசு வாங்குகிறவனைக் கேள்வி கேட்கலாம், சும்மா செய்கிறவரைக் கேட்கக்கூடாதாம். சும்மா கொடுத்த கட்டிலில் வலி சும்மா விடுமா?

என்னை முந்திக்கொண்டு முரளி பேசினார். "அன்னிக்குக் கார்ல தொண்ணூறு போட்டவன் நான்தான். அந்த மனுசன் கையைப் பாத்தப்புறம் என்னால அந்த நம்பரைப் படிக்கக்கூட முடியல. வலியில தவறினா மத்த மார்க்கு எதையும் கூட்டக்கூடாது. பெயில்னா பெயில்."

நீண்ட வாதத்துக்குப் பிறகு அது விதியானது. சிவராஜின் இல்லத்துக்கு நோயாளிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. சில மாதம் என்னோடு பேசாமல் இருந்த சிவராஜ், பிறகு தானே வந்தார். இரட்டைப் பூட்டு போட்டுச் சாவிகளை டியூட்டி நர்சுகளிடம் கொடுத்திருந்தார். விடுமுறை நாளுக்கும் ஒரு டாக்டரை அமர்த்தியிருந்தார். கவிதாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

6. ரிசப்ஷன் டீவி

மறு ஆய்வுக்கு நானும் முரளியும் போனோம். ரிசப்ஷனில் புதிதாக ஒரு பெரிய டீவி. அதில் இல்லத்தைப் பற்றிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் ருக்குமணியின் முகம் வந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

"எங்கூட்டுக்காரருக்குக் கடைசிக் காலத்துல எடம் குடுத்தாங்க. சாமி மாதிரி பாத்துக்கிட்டாங்க. இவிய நல்லா இருக்கோணும்" என்று கைகூப்பினார்.

எனக்கு நின்ற இடத்தில் உடம்பு எரிந்தது.

"இதை எப்ப எடுத்தீங்க?" என்று சிவராஜைக் கேட்டேன்.

"காரியமெல்லாம் முடிஞ்சு, அந்தம்மாவே ஒரு பை வெங்காயத்தோட வந்தாங்கங்க. நாங்க சொல்லிக் குடுக்கலீங்க சிஸ்டர். மனசாரச் சொன்னது."

"தெரியும். மனசாரச் சொன்னதாலதான் சொல்றேன். அதைத் தூக்கிருங்க."

 அவர் டீவியை அணைத்துவிட்டு, "இனிப் போட மாட்டேனுங்க" என்றார். அந்த இடம் அன்றைக்குப் பாஸானது. வலி பற்றி ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றது இதுதான். மற்ற ஆஸ்பத்திரியில் கவனிப்பு மோசமாக இருந்தால் நோயாளி பிழைத்து வந்து சண்டை போடுவார். இங்கே கெட்ட கவனிப்புக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் போய்விடுகிறார். மிச்சமிருப்பவர்கள் ஒரு கட்டில் கிடைத்ததற்கே கைகூப்புகிறார்கள். அந்தக் கும்பிட்டை மார்க்காக எண்ணாதீர்கள். அவர்கள் நன்றி சொல்லட்டும், அது அவர்கள் குணம். அவர்களுக்காகக் கோபப்பட வேண்டியது நம் வேலை. அந்தக் கோபம் வராதவர்கள் தயவுசெய்து இந்த வேலைக்கு வர வேண்டாம்.