துக்கத்துக்கு எதிர்ச்சொல்

எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு நீண்ட, ஒட்டிய முகம். கம்பளிக் கோட்டின்மேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். எதிர்ச்சொல் பாடம் என்றால் அந்தத் துண்டால் முகத்தை மூடித் திறப்பார். கோபம் தெரிந்தால் பிள்ளைகள் "சாந்தம்" என்று சொல்லி, முகத்தையும் அதற்கேற்ப வைக்க வேண்டும். துக்கம் தெரிந்தால் "சந்தோசம்" என்று கத்திச் சிரிக்க வேண்டும். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

இங்கே பிரஜாவுரிமை கிடைக்காமல் என் அக்கா குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, தலவாக்கலை ஸ்டேஷனுக்கு அவரும் வந்திருந்தார். பிள்ளைகள் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வண்டி நகர்ந்ததும் அவர் முகம் கோணிக் கண்ணீர் வழிந்தது.

அக்கா மகள்தான் முதலில் கண்டாள்.

"டேய், வாத்தியாரு துக்கம் காட்டுறாரு! எல்லாரும் சிரிங்கடா!"

"சந்தோசம்! சந்தோசம்!" என்று ஜன்னல் ஜன்னலாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். வண்டி வளைவில் மறைந்தது.

"பாடம்னு நெனச்சுட்டாங்கய்யா" என்றேன்.

"நெனச்சுக்கட்டுங்க. சிரிச்சுக்கிட்டுத்தானே போறாங்க."

துண்டு தோளிலேயே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.