பாதி நோட்டும் பஸ்ராவும்

மட்டாஞ்சேரி பஜாரில் இரண்டு கடை, இடக்கொச்சியில் சொந்த வீடு, மூன்று பெண்களுக்கு நகை போட்டுக் கல்யாணம், இன்று பன்னிரண்டு பேருக்குச் சம்பளம். இத்தனையும் உண்டாக்கியவன் மைதீன் பிச்சை ராவுத்தர், நான்தான். இங்கே பள்ளிவாசல் ஓத்துப்பள்ளியில் இரண்டு வருஷம் அரபி எழுத்துக் கூட்டியதுதான் என் படிப்பு. பாலக்காட்டிலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு வந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. இப்போது வேலைக்கு வரும் டிகிரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. எழுத்தின் உடம்பு

ஐம்பதுகளில் ஒரு குஜராத்தி சேட்டின் கடையில் மூட்டை தூக்கினேன். மிளகு, சுக்கு வியாபாரம். ஓரத்து மேஜையில் கப்பல்காரர்களுக்கு நோட்டு மாற்றும் எக்ஸ்சேஞ்ச். ஒருநாள் ஒரு நோட்டைப் பார்த்து கிளார்க் விழித்துக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னேன்:

"போன வாரம் சயாம் நோட்டுன்னு ஒண்ணு வந்துச்சே சேட்டு, அதோட தம்பி இது. எழுத்து தலையில குட்டி வளையம் இருக்கு பாருங்க."

சேட்டு சிரித்துவிட்டார். "அரே, நீ மூட்டை தூக்கண்டா. இவிட இரி."

அன்று உட்கார்ந்தவன்தான். பர்மா எழுத்து, உடைத்துப் போட்ட வளையல். அபிசீனியா எழுத்து, காலை அகட்டி நிற்கும் ஆட்கள். யூத எழுத்து சதுரம். அதை ஜூ டவுன் வாசல்களிலேயே பார்த்துப் பழகினேன். ரஷ்யா நோட்டில் நம் நோட்டைப் போலவே பல மொழி இருக்கும். ஒன்றையும் படிக்கத் தெரியாது. அதனாலேயே ஒவ்வொரு கோடாகப் பார்ப்பேன். "மைதீன் கண்ணு வச்சா பின்னே அப்பீல் இல்ல" என்று மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

2. பாதி நோட்டு

அறுபதுகளின் தொடக்கம். எங்கள் தெரு நபீசாவின் புருஷன் காசிம் பத்தேமாரியில், அதாவது பாய்மரச் சரக்குக் கப்பலில், வேலைக்குப் போனவன். கடிதமே இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அவன் பெட்டி மட்டும் மூன்று கை மாறி வந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலோடு இறக்கிவிட்டார்கள் என்பதற்கு மேல் கொண்டுவந்தவனுக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் பாதி நோட்டு. ராஜா முகம் இருக்கும் பாதி கிழிந்து போயிருந்தது. பின்பக்கம் உப்புநீரில் வெளுத்திருந்தது.

பள்ளிவாசல் உஸ்தாதையும் கூட்டிக்கொண்டு நபீசா கடைக்கு வந்தாள்.

"இக்கா, ஊரு மட்டும் சொல்லுங்க. ஆளு இருக்காரா இல்லையான்னு நான் அப்புறம் கேட்டுக்கிறேன்."

கடை நிறைய ஆள். உஸ்தாத் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. அலிஃப், பே, நூன். என் ஓத்துப்பள்ளி எழுத்து. பத்தேமாரிகள் பேரீச்சை ஏற்றி வருவது ஈராக்கின் பஸ்ராவிலிருந்து.

"அரபி. பஸ்ராதான், சந்தேகமே இல்ல" என்றேன்.

"ஒண்ணு நல்லா பாத்துக்கோ மைதீனே" என்றார் உஸ்தாத்.

"ஓதித் தந்ததே நீங்கதானே உஸ்தாதே, மறந்து போகுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். உஸ்தாதும் சிரித்துத் தலையாட்டினார்.

3. நாலு, அஞ்சு, ஆறு

சேட்டின் பஸ்ரா ஏஜெண்டுக்குக் கடிதம் போனது. மூன்று மாதம் அவர் தேடினார். அப்படி ஒரு ஆள் இல்லை என்று பதில் வந்தது. நபீசா நோட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

அன்றைக்குத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் சீரியல் நம்பரைப் பார்த்தேன். அரபி அஞ்சு ஒரு சின்ன வட்டம். இதில் வெற்றிலையை நுனி மேலே பார்க்கப் பிடித்த மாதிரி இருந்தது. நாலும் வேறு, ஆறும் வேறு. பாரசீக எண்கள். ஈரான் நோட்டு.

ஈரானில் பத்தேமாரிகள் ஒதுங்கும் துறைமுகம் பந்தர் அப்பாஸ்; அங்கே தந்தி அடித்தோம். காசிம் அங்கே தர்ம ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்திருக்கிறான். கடலில் பாய்மரம் தெரிந்தால் போதும், கொச்சிக் கப்பலா, கடிதம் உண்டா என்று கேட்பானாம். எங்கள் தந்தி போய்ச் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பு காய்ச்சல் தீராமலே மௌத்தாகிவிட்டான்.

நபீசா அழவில்லை. "மூணு மாசம் எங்க இக்கா போச்சு?" என்று கேட்டாள்.

பதில் கேட்க உஸ்தாதும் வந்திருந்தார். கடைக் கூட்டத்தில் ஒருத்தன், "உஸ்தாத் தப்பா படிச்சிட்டாரு" என்றான். உஸ்தாத் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூட்டை தூக்கினவனை யார் குற்றம் சொல்வார்கள்? ஓதத் தெரிந்தவர் மேல்தான் பழி நின்றது. அதோடுதான் அவர் கபருக்குப் போனார்.

பிள்ளைகளே, தெரியாத எழுத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தெரியும் என்று நினைத்த எழுத்தில்தான் தவறினேன். அரபி போல இருந்தால் நாட்டைச் சொல்லாதீர்கள். முதலில் நாலு, அஞ்சு, ஆறைப் பாருங்கள்.

பள்ளிவாசல் விழா மலரில் இந்தக் கதையைப் போட்டிருக்கிறார்கள். உஸ்தாதின் கண் மங்கியதால் வந்த பிழை என்று எழுதியிருக்கிறார்கள். ஈரானைக் கண்டுபிடித்தது நான் என்று ஒரு வரியும் உண்டு. அது போதாது. பஸ்ரா என்று சொன்னவனும் நான்தான். மலர் போடுகிறவர்களே, மறுபடி அச்சடிக்கும்போது உஸ்தாத் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைதீன் பிச்சை என்று போடுங்கள்.