ஆட்டோவில் விட்ட சேனல்

ஒரே வீட்டிலிருந்து மூன்று புகார்கள். மூன்றையும் எங்கள் ஆபீஸ் நேரில் வந்து பார்க்காமலே முடித்துவைத்திருந்தது. நான்காவது புகாருக்கு என்னை அனுப்பினார்கள். வீடுகளுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் வேலையில் எனக்கு அது பத்தொன்பதாவது வருஷம்.

குமணன்சாவடியில், மெயின் ரோட்டுக்குப் பின்னால் வீடு. முன்னறையில் ரஃபீக்கின் தையல் கடை, ரவுட்டரும் அங்கேதான். பின்னறையில் அவருடைய அக்கா ஷமீம். அங்கே சிக்னல் எட்டாததால் நடுவில் ஒரு ரிப்பீட்டர்.

என்னைப் பார்த்ததுமே ரஃபீக் கத்தினார். "இன்னா அண்ணாத்தே, நீயும் போன் எடுக்கலன்னு எழுதிக்கினு போக வந்தியா? எங்கக்காவுக்குக் காதே கேக்காதுய்யா!"

காது கேளாத பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஷமீம் தினமும் காலை பதினொரு மணிக்கு வீடியோ காலில் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறார். படம் நின்றால் கை பாதியில் நிற்கும், சொல்ல வந்தது போய்விடும். எங்கள் ஆபீஸ் என்ன செய்தது? அவர் எண்ணுக்கு போன் போட்டது. எடுக்கவில்லை என்றதும் 'வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை' என்று எழுதிப் புகாரை மூடியது. மூன்று முறையும் அதே கதை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ரவுட்டரில் சேனல், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசை, 'ஆட்டோ'வில் இருந்தது. அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலாகும்போதெல்லாம் ரவுட்டர் தானாகவே வேறு சேனலுக்குத் தாவும். ரிப்பீட்டர் அதைத் தேடிப் பிடிக்கும்வரை பின்னறையில் இணைப்பு இருக்காது. போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். சேனல் ஒன்றிலும் ஆறிலும் ஏகக் கூட்டம், பதினொன்று கிட்டத்தட்டக் காலி.

சூப்பர்வைசரை அழைத்தேன். "சார், சேனல ஃபிக்ஸ் பண்றேன். கிளாஸ் முடியிற வரைக்கும் இருந்து பாத்துட்டு வரேன்."

"யோவ், ரீஸ்டார்ட் பண்ணிட்டு கம்ப்ளெயின்ட் டிக்கெட்ட மூடு. அயனம்பாக்கத்துல நாலு ஊடு பெண்டிங் கீது."

"மூணு தபா சும்மா மூடத்தானே சார் செஞ்சீங்க? காது கேக்காதவங்க போன் எடுக்கலன்னு எழுதினது யாரு?"

"மூடுறியா, மெமோ வாங்கிக்கிறியா?"

"மெமோவே குடுங்க."

ரவுட்டரைப் பதினொன்றில் நிறுத்தினேன். ரிப்பீட்டரும் அதே சேனலில் வந்து ஒட்டிக்கொண்டது. வகுப்பு முழுக்கப் பின்னறை வாசலில் நின்று பார்த்தேன். ஷமீமின் கைகள் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். எட்டு மாதத்துக்கு முன் ரிப்பீட்டர் மாட்டியபோது கொடுத்த ரசீது. கீழே என் கையெழுத்து; மாட்டியது நானேதான். தினமும் ஐந்தாறு வீடு ஏறி இறங்குவதில் எனக்கு மறந்தே போயிருந்தது. அவர் டைப் செய்து காட்டினார்: 'அன்னைக்கே இதைச் செஞ்சிருக்கலாமே?'

கைகூப்பிவிட்டுப் படியிறங்கினேன். ஆபீஸ் மேல் இருந்த கோபம் அத்தனையும் என் மேலேயே திரும்பியிருந்தது.

மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரிப்பீட்டர் மாட்டும் வீட்டில் முதலில் ஸ்கேன் செய்யுங்கள், காலியான சேனலில் ரவுட்டரை நிறுத்துங்கள். அதற்கும் முன்னால், இந்த இன்டர்நெட்டை வைத்து யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஷமீம் வீட்டில் நான் அதைக் கேட்கவில்லை. எட்டு மாத வகுப்புகள் கெட்டுப்போயின.