கோமதி டீச்சர் சீட்டு ஒட்டாத இரண்டு பதக்கங்கள்

காலை பதினொன்று நாற்பத்திரண்டு. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணைமின் நிலையத்தில் பணியில் இருந்தேன். ஒரு ஃபீடர் லைன் டிரிப் ஆகி, மின்சாரம் நின்று மறுபடி வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது லைன்மேன் வாசலில் வந்து நின்றார்.

"சார், மலை ஸ்கூல்லருந்து போன் வந்துச்சு. டீச்சரு கிளாஸ்ல உயுந்துட்டாங்களாம்."

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க?" என்று கேட்டேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அந்த வரியை முழுதாக எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று இதுவரை ஆறேழு பேர் கேட்டுவிட்டார்கள். தெரியவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்று பிறகு சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

பள்ளி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். "நல்ல விஷயமா நாலு எழுதுங்க சார்" என்றார். நல்ல விஷயம் இருக்கட்டும். என் மனைவி கோமதியின் மேல் எனக்கு இருக்கும் எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அவள் சமூக அறிவியல் டீச்சர். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வெள்ளிமலைப் பக்கம் ஏறி இறங்குவாள். யார் யார் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான் பைக் ஓட்ட வேண்டும், அவள் பின்னால் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். தியாகதுருகம் பக்கம் ஒரு வீடு, மலைமேல் ஒரு வீடு. பத்து நிமிடம் என்று உள்ளே போவாள். மூன்று மணி நேரம் கழித்து வருவாள், கையில் ஒரு துணிமூட்டையோடு. கண்காட்சி வைக்கப்போகிறாளாம்.

அவளுடைய அப்பா பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். அவர் விட்டுப்போனது ஓர் அலுமினியச் சாப்பாட்டு டப்பா. ஓரத்தில் நன்றாக நசுங்கியிருக்கும். கல்யாணமான புதிதில், "குண்டு பட்டதா?" என்று கேட்டேன்.

"குண்டா? உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு மேலருந்து கீய உயுந்துச்சு" என்றாள்.

போன வருடம் வகுப்பறையில் சின்னதாக ஒரு காட்சி வைத்தபோது அந்த டப்பாவின் பக்கத்தில் இதையே அட்டையில் எழுதி வைத்தாள். வேறு ஏதாவது எழுதினால் இன்னும் கெத்தாக இருக்குமே என்றேன்.

"எங்கப்பா சண்ட போடல இன்ஜினியரே. சண்ட போட்டவங்களுக்கு சோறு போட்டாரு. அத மறைக்கிறதுன்னா எனக்கு எதுக்கு இந்த டப்பா?"

சரி, அது அவள் வீட்டுப் பொருள். அடுத்தவர் வீட்டுப் பொருளை வாங்கி வருபவள் ஒழுங்காகக் குறித்து வைக்க வேண்டுமா இல்லையா? நான் நம்பர் போட்ட சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டுத் தந்தேன். பொருள், பெயர், ஊர், வாங்கிய நாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சீட்டையெல்லாம் பிய்த்துப் போட்டிருந்தாள்.

"பொணத்துக் கால்ல கட்ற மாதிரி கீது. வேணாம்."

"ரசீதாவது குடு."

"ரசீது குடுத்தா, திருப்பித் தரமாட்டாளோன்னு அவங்களுக்கு அப்பதான் சந்தேகமே வரும்."

"எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு மறந்துபோச்சுன்னா?"

"உங்களுக்குத்தான் தெனம் சொல்லிக்கினு இருக்கனே!"

சொன்னாள். அது உண்மை. தினம் சாயங்காலம் காய் நறுக்கியபடி ஒவ்வொரு வீட்டுக் கதையையும் சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு "ம்" போட்டேன். நடுவில் நிறுத்தி, "இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். "ஏதோ மெடலு" என்பேன். முருங்கைக்காயால் ஒரு அடி விழும்.

காரியம் முடிந்த மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. முதலில் கொஞ்சம் அழுவார்கள். பிறகு, "டீச்சருகிட்ட ஒரு சாமானு குடுத்திருந்தோம்..." என்று இழுப்பார்கள். கம்பளிக் கோட்டு, தண்ணீர்க் குப்பி, பூட்ஸ், பிரேம் போட்ட படம் எல்லாம் சுலபமாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் மாட்டிக்கொண்டவை இரண்டு பதக்கங்கள். ஒன்று தியாகதுருகம் பக்கத்துக் கோவிந்தம்மாவின் வீட்டுக்காரருடையது. அவர் பணி முடிந்து ஊர் வந்து, வயதாகி இறந்தவர். இன்னொன்று மலையிலிருக்கும் சடையன் அண்ணனின் தம்பியுடையது. அவர் பனியில் காவல் இருந்த இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்தது ஒரு பெட்டியும் இந்தப் பதக்கமும்.

இரண்டும் ஒரே வகை. பலருக்கும் கொடுக்கும் சேவைப் பதக்கம். ரிப்பன் இரண்டிலும் இல்லை. ஆனால் பதக்கத்தின் விளிம்பில் வாங்கியவரின் எண்ணும் பெயரும் பொடியாகப் பொறித்திருக்கும் என்று படித்திருந்தேன். லென்ஸ் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது. இரண்டு வீட்டிலும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மண்வெட்டி, அரிவாளோடு பதக்கத்தையும் போட்டு, புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அத்தனை வருடப் பக்தியில் பெயர் கரைந்து போய்விட்டது. யாரைத் திட்டுவது?

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். தராசில் நிறுத்தேன். ஒன்றின் ஓரம் ஓரிடத்தில் மழுங்கியிருந்தது. ஏன் என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்குள் சடையன் அண்ணன் நான்கு முறை பேசிவிட்டார். "வர்ற வெள்ளிக்கெயம தம்பிக்குப் படையலு சார். அத முன்னால வெச்சாதான் அவன் வந்த மாதிரி." மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தத் தம்பி வேறு ஒரு வீட்டில் போய்க் கிடப்பார். அவரவர் பொருளை அவரவரே அடையாளம் காட்டட்டும் என்று இருவரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தார்கள். மேசைமேல் வைத்தேன். கோவிந்தம்மா சட்டென்று ஒன்றைத் தொட்டார். "இதான் தம்பி எங்குளுது." சடையன் அண்ணனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதாங்க எங்குளுது" என்றார்.

நான் கத்திவிட்டேன். அவர்களிடம் இல்லை, சுவரிலிருந்த அவள் படத்தைப் பார்த்து. "சீட்டு ஒட்டுன்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா நீ?" இருவரும் பயந்துபோய் எழுந்து நின்றார்கள். மேசையில் என் போன் அதிர்ந்தபடி இருந்தது. துக்கம் கேட்க இன்னும் யாரோ. எடுத்து, அணைத்து, அலமாரிக்குள் போட்டேன்.

"உட்காருங்க. டீச்சருகிட்ட இன்னா சொன்னீங்களோ அத எங்கிட்ட சொல்லுங்க. மொதல்லருந்து சொல்லுங்க."

சடையன் அண்ணன் சொன்னார். தம்பி ஆளெடுப்புக்கு மலையிலிருந்து நடந்தே இறங்கியது, முதல் லீவில் வந்து அண்ணனுக்கே சல்யூட் அடித்து எல்லாரையும் சிரிக்க வைத்தது, பெட்டி வந்த அன்று மழையில் வண்டி பாதியில் நின்றுவிட, ஊரே இறங்கிப்போய்த் தோளில் தூக்கிவந்தது. ஒரு மணி நேரம் ஆனது. நான் குறுக்கே பேசவில்லை. அவர் முடித்தபோது கோவிந்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"நான் இன்னாத்த சொல்றது தம்பி." மற்றப் பதக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓரம் மழுங்கியது. "இதான் எங்குளுது. அந்த மனுசன் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுங் கயுத்துல கட்டி வுடுவாரு. அது போயி கல்லுத் தொட்டில கயுத்த தேய்க்கும். வருசா வருசம் தேஞ்சி தேஞ்சி இப்பிடி ஆச்சு. டீச்சரம்மாகிட்ட சொன்னேன், உயுந்து உயுந்து சிரிச்சாங்க. இவுரு வூட்டுப் புள்ள உசுரக் குடுத்து வாங்கினது. அவுருக்கு எதுருல, நாங்க மாட்டுக்குக் கட்டினோம்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சடையன் அண்ணன் அந்த மழுங்கிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாக்கா நீ. எங்க தம்பி வந்திருந்தா அவனுந்தான் எங்க செவலைக்குக் கட்டியிருப்பான். அந்த மாடுன்னா அவனுக்கு உசுரு." சிரிக்க ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் அழுதார். கோவிந்தம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காரியத்தன்றுகூட அழாத நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை படையலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

கோமதி, உன் முறை தவறு என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை. ஆனால் நீ செய்த வேலையை நான் வைத்துக்கொள்கிறேன். எதிரில் உட்கார்ந்து, முடியும்வரை கேட்கிற வேலை. எனக்கு அது சரியாக வராது. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அலமாரியின் அடியில் பட்டாளத்துப் பச்சை நிறத்தில் ஒற்றைக் கம்பளிக் கையுறை ஒன்று இருக்கிறது. இடது கை. கட்டைவிரலில் வேறு நூலால் தைத்திருக்கிறது. கேட்டு யாரும் வரவில்லை. யாருடையது, இன்னொன்று எங்கே, யார் தைத்தது, எல்லாம் அவள் எனக்குச் சொல்லியிருப்பாள். நான் "ம்" போட்டிருப்பேன். உங்கள் வீட்டுப் பொருள் என்றால் நேரில் வாருங்கள். வீடு உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் போனில் பேசிவிட்டு வரலாம் என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம். போனை அணைத்து வைத்துவிட்டேன்.