பெட்டியோடு கீழே போன மருந்து

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் கப்பலில் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிய காலம். என் கணவருக்கு மூச்சிழுப்பு நோய். அது சுகமாக வேண்டும் என்று நாகூர் தர்காவுக்குப் பச்சைப் போர்வை நேர்ந்திருந்தேன். கல்முனையிலிருந்து இருவரும் புறப்பட்டோம்.

கப்பலில் ஏறும்போது, ஆளுக்கு ஒரு பைதான் கையில் வைத்திருக்கலாம், மற்றவை அடித்தட்டுக்குப் போகும் என்றார்கள். அவர் கையில் கடவுச்சீட்டும் டிக்கெட்டும் இருந்த பை. நேர்ச்சைப் பொருள் கால் படும் இடத்தில் கிடக்கக் கூடாது என்று நான் போர்வையை வைத்துக்கொண்டு, மருந்துப் பையைப் பெட்டிகளோடு கீழே அனுப்பிவிட்டேன்.

“என்ன விட அந்தப் போர்வையத்தானே கவனமாப் பாக்காய்” என்று அவர் சிரித்தார்.

நடுக்கடலில் காற்று எழும்பியது. அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

“மருந்து எங்க புள்ள?”

“கீழ, பெட்டியோட அனுப்பிட்டன்.”

அந்நிய ஆண்களோடு கதைத்தறியாத நான் கப்பல் ஊழியரிடம் போய்க் கெஞ்சினேன். கரை சேர்ந்த பிறகுதான் அடித்தட்டைத் திறக்கலாம் என்றார். கப்பல் கடையில் தேநீர், பிஸ்கட், வாசனைப் பவுடர் எல்லாம் விற்றார்கள். இழுப்பு மாத்திரை இல்லை.

கரை தெரியும்போது அவர் மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார். மடியிலிருந்த போர்வையை விரித்து அவருக்குத்தான் போர்த்தினேன்.

இப்போது எங்கள் தெருவில் யார் பயணம் புறப்பட்டாலும், கூச்சத்தை விட்டு அவர்கள் வாசலுக்குப் போகிறேன். “மருந்து எந்தப் பையில? எடுத்துக் காட்டுங்க” என்று கேட்கிறேன். கையில் கண்ட பிறகுதான் ஸலாம் சொல்லி அனுப்புகிறேன்.