மாப்பிள்ளை கையில் இருந்த பிஸ்டல்

என் அண்ணன் சென்றாயனைப் பொறாமைக்காரன் என்று மல்லசமுத்திரத்துப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பொறாமையில் ஆளைச் சுட்டவன் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குண்டு பட்டது என் வீட்டுக்காரருக்கு. அது புறப்பட்டது என் கூடப்பிறந்தவன் இடுப்பிலிருந்து. அவர்கள் இரண்டு பேரையும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

சிறு வயதிலேயே அவன் அப்படித்தான். அம்மா கம்பங்கூழை எனக்கு முதலில் ஊற்றிவிட்டால் கலயத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஒரே கூழ், ஒரே சட்டிதான். எனக்கு முதலில் வந்துவிட்டது, அதுதான் குறை. ஆனால் எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையை வைத்துக்கொண்டு ஈ அண்டாமல் விசிறியவனும் அவன்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வளர்ந்ததும் எங்கள் ஊருக்கு ஜமீன்தார் மாதிரி இருந்த மிட்டாதார் பங்களாவில் காவலாளாகச் சேர்ந்தான். அங்கே ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அதைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, மிட்டாதார் வில்வண்டியில் போகும்போது தோளில் சாத்திக்கொண்டு பக்கத்தில் நடப்பது எல்லாம் என் அண்ணன்தான். வேறு ஒருவன் அந்தத் துப்பாக்கிமேல் கை வைத்துவிட முடியாது. வைத்தால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

பிறகு என்னை மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தங்கச்சி கண் முன்னால் இருக்கட்டும் என்று என் அண்ணனே மிட்டாதாரிடம் சொல்லி என் வீட்டுக்காரரையும் காவலுக்குச் சேர்த்துவிட்டான். அவனே கொண்டுவந்து விட்ட ஆள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சேர்த்துவிட்ட நாளிலிருந்து வினைதான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்தால் மாப்பிள்ளைக்குத்தான் முதல் இலை. ஒரு நாள் அம்மாவிடம் கேட்டான்.

“ஏம்மா, ஈரல் எங்க?”

“மாப்பிள்ளை இலையில வெச்சுட்டேன் சாமி.”

“நான் புடிச்சு அடிச்ச கோழி.”

“மாப்பிள்ளை வந்ததாலதான கோழியே அடிச்சோம்?”

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் தன் இலையிலிருந்து எடுத்து வைக்கப் போனார். “என்ற ஊட்டுலயே எனக்குப் பிச்சை போடறியா மாப்ளே?” என்று எழுந்துவிட்டான். என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. “வேண்டாமுன்னா உடுங்க மச்சான், எனக்கு வயித்துல எடம் இருக்குது” என்று அதையும் தின்றுவிட்டார்.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்களே, அந்த வருஷம் மிட்டாதார் மோட்டார் கார் வாங்கினார். காருக்குள் ரெட்டைக்குழலை நிமிர்த்தவும் முடியவில்லை, படுக்க வைக்கவும் முடியவில்லை. அதனால் இடுப்பில் செருகுகிற மாதிரி ஒரு பிஸ்டல் வாங்கலாம் என்று நினைத்தார். சேலத்துத் துப்பாக்கிக் கடையிலிருந்து சௌந்திரம் என்று ஓர் ஆள், கோட்டுப் போட்டவர், இரண்டு பிஸ்டல்களைக் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் கம்பளியை விரித்து வைத்தார். நான் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்றுக்குக் கைப்பிடி பழுப்பு மரம், இன்னொன்றுக்குக் கறுப்பு. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சௌந்திரம் விளக்கினார். “பழுப்புப் பிடி அமெரிக்காச் சரக்குங்க. கறுப்பு, அதைப் பாத்து ஸ்பெயின் தேசத்துக்காரன் செஞ்சது. மேல்தகட்டை ஒருக்கா இழுத்து விட்டாப் போதும், அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் தோட்டா தன்னால ஏறிக்கும். அமெரிக்காச் சரக்குக்குக் கைப்பிடிக்குப் பின்னால ஒரு நாக்கு இருக்குது பாருங்க. உள்ளங்கையில அதை அழுத்திப் புடிச்சாத்தான் வெடிக்கும். கை தவறிக் கீழ விழுந்தாலோ விசையில எதாச்சும் மாட்டினாலோ வெடிக்காது. மத்ததுக்கு நாக்கு இல்லீங்க. பக்கத்துப் பூட்டு மட்டும் ரெண்டுலயும் உண்டு.”

மிட்டாதார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சென்றாயா, நீ பொறுக்குடா.”

என் அண்ணன் பழுப்பை எடுத்தான். கறுப்பை என் வீட்டுக்காரர் சும்மா கையில் எடுத்துப் பார்த்து, “கைக்கு அம்சமா இருக்குதுங்களே” என்றார். அவ்வளவுதான்.

“எசமான், அதையும் ஒருக்காப் பாத்துக்கறனுங்க.”

மாற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பழுப்பைத் தூக்கிக் குறி பார்த்தார். “இதும் நல்லாத்தானுங்க இருக்குது.”

“இல்லீங்க எசமான். எனக்கு முன்ன எடுத்ததே இருக்கட்டுங்க.”

மிட்டாதார் வாய்விட்டுச் சிரித்தார். “டேய், உனக்குப் பிஸ்டல் வேணுமா, உன்ற மாப்பிள்ளை கை வேணுமா?”

பங்களாவே சிரித்தது. என் அண்ணன் சிரிக்கவில்லை. மிட்டாதார் ஒரு முடிவு சொன்னார். நாளைக்கு ஆயுத பூஜை. இரண்டையும் பூஜையில் வைக்க வேண்டும். மறுநாள் ஊர்க் குன்றின் அடிவாரமான கரட்டடியில் மண்பானைகளை வைத்து ஆளுக்கு ஒன்றாகச் சுட வேண்டும். எது நன்றாகச் சுடுகிறதோ அதை வாங்குவார். அதைச் சுட்டவன் பெயரைத் தன் லைசென்சில் சேர்த்து, காரில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். சௌந்திரம் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, சுடுகிற அன்றைக்குப் பகலுக்கு மேல் வந்து வேண்டாததை எடுத்துக்கொண்டு போவார்.

“இத்தன வருசமா ரெட்டைக்குழலப் பாத்தவன் நானுங்க” என்றான் என் அண்ணன்.

“அதுக்குத்தான்டா உன்னய முதல்ல பொறுக்கச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஆயுத பூஜையில் கலப்பை, மண்வெட்டி, அரிவாள், ரெட்டைக்குழல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். மிட்டாதார் சம்சாரம் தன் கையாலேயே செவ்வந்திச் சரம் சாத்திக்கொண்டு வந்தார். கறுப்புப் பிஸ்டலுக்குச் சரம் சாத்தியதும் பூ தீர்ந்துவிட்டது. என் அண்ணன் பொறுக்கிய பழுப்புக்கு உதிரிப்பூவைத் தூவினார். என் அண்ணன் என்னிடம் வந்தான்.

“பாத்தியா உண்ணாமலை?”

“பூ தீந்துபோச்சுண்ணா.”

“அவன்து வரைக்கும் தீரலையே. என்கிட்ட வந்ததும் தீந்துருச்சா?”

மஞ்சள் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். புது ஆயுதத்துக்கு எங்கள் பக்கத்தில் விரலி மஞ்சளை வைத்துக் கயிறு கட்டுவார்கள். அது தானாக அறுந்து விழும்வரை அவிழ்க்கக் கூடாது. மற்றவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். இவன், மாப்பிள்ளையுடையதைவிடத் தன்னுடையது அதிகப் பூசை கண்டதாகத் தெரிய வேண்டும் என்று, புது மண்வெட்டிக் காம்புக்கு வரிவது மாதிரி கைப்பிடி மறையும் அளவுக்கு இழுத்து இழுத்துச் சுற்றினான். மஞ்சளைக் கைப்பிடியின் பின்பக்கம் வைத்துக் கட்டினான். சந்தனத்தையும் அப்பினான். பார்த்தவர்கள் எல்லாரும் “நல்லாக் கட்டியிருக்கற சென்றாயா” என்றுதான் சொன்னார்கள். அந்த நாக்கு உள்ளே அழுந்திக் கிடக்கிறதே என்று அவனுக்கும் தோன்றவில்லை, பார்த்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துப்பாக்கியைப் பற்றி அத்தனை தெரிந்தவன்தான். ஆனால் ஆயுதம் என்றால் கயிறு என்பது எங்களுக்கு அதற்கும் முன்னால் தெரிந்த விஷயம்.

மறுநாள் காலையில் கரட்டடியில் ஊரே கூடிவிட்டது. பாறைமேல் பானைகளை வைத்தார்கள். என் அண்ணன் வந்ததும் வராததுமாக மேல்தகட்டை இழுத்துவிட்டுத் தயாராக நின்றான்.

“பொறுடா, மாப்பிள்ளை முதல்ல சுடட்டும்” என்றார் மிட்டாதார்.

இங்கேயும் மாப்பிள்ளை முதலில். அவன் பிஸ்டலை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டான். பூட்டைப் போடவில்லை. நாக்கு இருக்கிறதே, கை அழுத்தினால்தானே வெடிக்கும் என்ற நம்பிக்கை.

என் வீட்டுக்காரர் சுட்டார். பானை சிதறியது. அடுத்த பானையும் சிதறியது. கூட்டம் கூத்தாடியது. கட்டிய பெண்சாதி நான், சந்தோஷப்படாமல் இருப்பேனா? அந்தச் சமயம் பார்த்து என் அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டான். வெடுக்கென்று பிஸ்டலை இடுப்பிலிருந்து இழுத்தான். வேட்டி மடிப்பில் விசை மாட்டியது.

வெடித்த குண்டு அவன் காலடிப் பாறையில் பட்டுத் தெறித்து என் வீட்டுக்காரர் கெண்டைக்காலைப் பிய்த்துக்கொண்டு போனது.

“சுட்டுப்போட்டான்! மாப்பிள்ளையச் சுட்டுப்போட்டான்!” என்று ஒருத்தன் கத்தினான். அப்புறம் எல்லாரும் அதையே கத்தினார்கள். என் அண்ணன் பிஸ்டலைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டே, “வேணுமின்னு சுடறவன் பாறையப் பாத்தாடா சுடுவான்?” என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்து கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் கட்டுப் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் சௌந்திரமும் வந்துவிட்டார். பிஸ்டலை எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“இந்தக் கயித்தைக் கட்டினது யாருங்க?”

“நான்தான்” என்றான் என் அண்ணன்.

அவர் தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கயிறு இருக்கும்போதே கைப்பிடியைத் தொடாமல் விசையை ஒரு குச்சியால் அமுக்கிக் காட்டினார். பின்னால் இருந்த சுத்தி சடக்கென்று விழுந்தது. பிறகு கத்தியால் கயிற்றை அறுத்தார். உள்ளே அழுந்திக் கிடந்த நாக்கு வெளியே வந்தது. மேல்தகட்டை இழுத்துவிட்டு மறுபடி விசையைக் குச்சியால் அமுக்கினார். அசையவில்லை.

“கயித்துல அழுத்தி வெச்சது, ஒருத்தர் கையில புடிச்ச மாதிரியே ஆகிப்போச்சுங்க.”

மிட்டாதார் கட்டில் பக்கம் திரும்பினார். “அடிபட்டவன் நீ. நீ சொல்லு. ஸ்டேசனுக்கு ஆள் அனுப்பட்டுமா?”

என் வீட்டுக்காரர் தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “வேண்டாமுங்க. மச்சானுக்கு என்மேல எரிச்சல் உண்டுங்க. கொல்ற மனசு கெடையாதுங்க.”

“தங்கமான மனுசன்” என்றது கூட்டம். மிட்டாதார் சம்சாரம் கோழிச்சாறு கொடுத்தனுப்பினார். என் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கரட்டடியில் பானை உடைந்தபோதுகூட அது அப்படிக் கறுக்கவில்லை. பிஸ்டல் போனது, காரில் பக்கத்து இடம் போனது, இப்போது நல்லவன் என்ற பெயரையும் மாப்பிள்ளையே வாங்கிக்கொண்டு போகிறார். அவனுக்குத் தாங்கவில்லை.

“எசமான், நான் வேணுமின்னேதான்…” என்று ஆரம்பித்தான்.

ஓடிப்போய் என் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினேன். “அவரு நல்லவருங்கறதப் பொறுக்க முடியாம நீ ஜெயிலுக்குப் போவியாண்ணா?”

கையை விலக்கிவிட்டு என் காதோடு சொன்னான். “அவன் மன்னிச்சு உட்டவன்னு பேரெடுத்துக்கிட்டு நான் எப்படி உண்ணாமலை இந்த ஊருல நடமாடறது?”

நடமாடவில்லை. பானையை உடைத்தது கறுப்பு என்றாலும், நாக்கு உள்ளதே இருக்கட்டும் என்று மிட்டாதார் அமெரிக்காப் பிஸ்டலையே வாங்கிக்கொண்டார். குற்றம் கயிற்றுடையது, சரக்குடையது இல்லை என்றார். கால் ஆறியதும் என் வீட்டுக்காரர் காரில் ஏறினார். என் அண்ணனை மறுபடி ரெட்டைக்குழலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆகாது என்று சொல்லிவிட்டுச் சம்சாரம் கந்தம்மாளை அழைத்துக்கொண்டு மாமனார் ஊரான மேச்சேரிக்குப் போய்ச் செம்மறி மேய்த்தான். பட்டி பெருகியது. ஆனால் நான் போகும்போதெல்லாம் அவன் ஆட்டைப் பற்றிப் பேச மாட்டான்.

“பிஸ்டலுக்கு எண்ணெய் போடறானா?”

“போடறாரு.”

“அவன் என்னத்தக் கண்டான்? துருப்புடிச்சிருக்கும்.”

“பளபளன்னுதான் இருக்குது” என்பேன். துருப்பிடித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லேன், உன் அண்ணன் நிம்மதியாகத் தூங்குவாரே என்று கந்தம்மாள் கெஞ்சுவாள். சொல்ல மாட்டேன். இல்லாததைச் சொல்லி ஆளைத் தூங்க வைப்பது எனக்கு வராது.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மிட்டாதார் காரைக் கொட்டகையில் நிறுத்தினார். பிஸ்டலையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு மேச்சேரிக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் அங்கே காலை வைத்தார்.

என் அண்ணன் வா என்றுகூடச் சொல்லாமல் அவர் இடுப்பைத்தான் முதலில் பார்த்தான்.

“எங்க அது?”

“போயிருச்சு மச்சான். ஸ்டேசன்ல குடுத்துட்டாங்க.”

“இனி வராதா?”

“எனக்குத் தெரிஞ்சு வராது.”

என் அண்ணன் துண்டை உதறிக் கட்டிலில் போட்டான். “உக்காருங்க மாப்ளே” என்றான். அவன் வாயில் அந்த ‘ங்க’வை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிறகு அவர் காலை இழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தான்.

“இன்னும் வலிக்குதா?”

“மழை வந்தாக் கொடையும்.”

“எனக்குந்தான் ரெண்டு முட்டியும் கொடையுது. உங்களுக்கு மட்டுமா?” என்றான். “ஆனா உங்க காலைன்னா ஊரே வந்து விசாரிக்குது. என்ற முட்டிய ஒரு நாயும் கேக்கறதில்ல.”

சொல்லிக்கொண்டே வேப்பெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னான். பொழுது சாயும்வரை அந்தக் கெண்டைக்காலை நீவிக்கொண்டே, தன் முட்டி வலிதான் பெரிது என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.